பி-7 தாளில் நான் போட்ட சரியும் தப்பும்

12-6-2024, புதன்

இந்த டைரியைத் தாரணி கொடுத்தாள். உரக் கம்பெனி டைரி, போன வருசத்தது. கிழமையை அடித்துவிட்டு எழுத வேண்டியிருக்கிறது. "அமுச்சி, என்னைக்கு எத்தனை தாள் பாத்தீங்கன்னு இதுல குறிச்சு வைங்க. மத்தது உங்க இஷ்டம்" என்றாள்.

தாரணி என் மகள் வயிற்றுப் பேத்தி. சிங்காநல்லூரில் என்னோடுதான் இருக்கிறாள். கம்ப்யூட்டரில் பிஎச்.டி., நாலாவது வருசம். மறதி நோய் வந்த வயசானவர்களை மாசம் ஒரு தடவை பேசவிட்டு ரெக்கார்டு பண்ணுகிறாள். பேச்சு எங்கே திக்குகிறது, எங்கே சுற்றிச் சுற்றி வருகிறது என்று மெஷின் கேட்டுப் பழகுமாம். அப்புறம் ஒரு ஆள் பேசும்போதே, இவருக்கு மறதி வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். ஆனால் பேசினது நிஜமா பொய்யா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஒவ்வொரு குடும்பத்திலும் விவரம் தெரிந்த இரண்டு பேர். பேச்சை வரிவரியாக அச்சடித்துத் தருவாள். வரிக்குப் பக்கத்தில் மூன்று கட்டம். சரி, தப்பு, தெரியாது. ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. மொத்தம் பன்னிரண்டு குடும்பம், ஒன்று குறைந்தாலும் ஆகாதாம்.

"நீங்க போடறதுதான் அமுச்சி மெஷினுக்கு வாத்தியார்" என்றாள். அஞ்சாவதோடு நின்றவளுக்கு வாத்தியார் வேலை!

"மூணாவது கட்டம் எனக்கு வேண்டியதில்லை, காகிதம் வீண்" என்றேன். சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது? நிஜத்தைத்தான் சொன்னேன்.

என் தாளில் பேர் இல்லை, பி-7 என்றுதான் போட்டிருக்கும். பேர் வெளியே தெரியக்கூடாதாம். பி-7 என் அக்கா ராமாத்தாள். பல்லடத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவளும் நானும் பேசிப் பதினாலு வருசம் ஆகிறது.

15-6-2024, சனி

தாள் ஒன்று. ஒரு மணி நேரம்.

"எங்க வீட்டுக்காரரு தோட்டத்துக்குப் போயிருக்காரு." தப்பு. அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருசம்.
"எங்க மாட்டுப் பேரு செவலை." தப்பு. செவலை என்பது கன்று. மாட்டுக்குப் பேர் மயிலை.
"எனக்கு ரெண்டு பசங்க." தப்பு. ஒருத்தன்தான்.

தப்புப் போடும்போது கை நன்றாக ஓடியது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

19-6-2024, புதன்

ரேஷனில் பருப்பு இல்லை. பாமாயில் மட்டும்.

தாளில் எழுத்து பொடிசு, படிக்க நேரமாகிறது. அச்சைவிட எனக்குக் கையெழுத்துதான் சுளுவு. என் மகள் ஒண்ணாவது சேர்ந்தபோது அவளோடு உட்கார்ந்து அவள் சிலேட்டில் எழுதி எழுதி வந்த கை இது.

6-7-2024, சனி

தாள் ஒன்று. இரண்டு மணி நேரம்.

இந்த மாசத்திலிருந்து புதுக் கேள்வி ஒன்று சேர்த்திருக்கிறாள். மறக்கவே முடியாத நாள் ஒன்று சொல்லுங்க என்று. பி-7 சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

29. வாத்தியாரு சைக்கிள்ல வந்தாரு.
30. நான் வாசல்ல நின்னேன்.
31. புள்ளைய இனி அனுப்பலீங்க, வீட்டுல வேலை இருக்குதுன்னேன்.
32. அப்படிச் சொல்லச் சொன்னதே அவதான்.
33. புதுப் பள்ளிக்கூடத்துல வேற புஸ்தகம் குடுத்துட்டாங்க, பாவம்.

இருபத்தொன்பது சரி. முப்பது சரி. முப்பத்தொன்று சரி, ஒத்துக்கொண்டாளே. முப்பத்திரண்டு தப்பு. முப்பத்து மூன்று தப்பு. தாள் கிழிகிற மாதிரி போட்டேன்.

நடந்ததை நான் சொல்கிறேன். 1961, ஜூன் மாசம். எனக்குப் பத்து முடிந்து பதினொன்று. அவளுக்குப் பதினாலு. நான் அஞ்சாவதில் முதல். தமிழ்ப் புஸ்தகத்தை அட்டை முதல் அட்டை வரை பார்க்காமல் சொல்லுவேன், இப்போதும் சொல்லுவேன். பெரிய பள்ளிக்கூடம் நாலு மைல். என்னைச் சேர்க்கச் சொல்லி எங்கள் வாத்தியார் வீட்டுக்கே வந்தார். அப்பன் தோட்டத்தில். ராமாத்தாள் வாசலை மறித்து நின்று, அனுப்பலீங்க என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவளுடைய முதுகு தெரிந்தது, பச்சைச் சீட்டிப் பாவாடை. வாத்தியார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவ்வளவுதான். அவள் ஒரு நாளும் பள்ளிக்கூடம் மிதித்ததில்லை. தனக்கு இல்லாதது தங்கச்சிக்கு ஏன் என்று நினைத்தாள்.

பதினாலு வருசத்துக்கு முன்னால் எங்கள் தம்பி மகன் கல்யாணப் பந்தியில் இதை எல்லார் முன்னாலும் அவளிடம் கேட்டேன். பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் இல்லாதவள் பேசியிருப்பாள் அல்லவா.

4-8-2024, ஞாயிறு, ஆடி அமாவாசை

படையல் போட்டேன். தம்பி வெள்ளிங்கிரி வந்தான். பி-7க்கு இன்னொரு ஆள் அவன்தான்.

"என்ன வாத்தியாரம்மா, எத்தனை பேர ஃபெயில் பண்ணுனீங்க?" என்று வாசலிலேயே ஆரம்பித்தான்.

"உன்னையத்தான் பண்ணோணும். முப்பத்திரண்டாவதுக்கு என்னடா போட்டே?"

"அதைச் சொல்லக்கூடாதாமா. உன்ற பேத்தி என்கிட்டக் கையெழுத்து வாங்கியிருக்கறா."

"நான் கேட்டாக்கூடவா?"

"நீ கேட்டாத்தான் சொல்லக்கூடாதுன்னு நெனைக்கறேன்" என்று வடையை வாயில் போட்டுக்கொண்டான். அறுபத்தொன்பது வயசாகியும் மழுப்புவது போகவில்லை. அன்றைக்கு அவனுக்கு ஆறு வயசு. அவனுக்கு என்ன தெரியும்?

10-8-2024, சனி

தாள் ஒன்று. அதே கதை. அதே இரண்டு தப்பு.

5-9-2024, வியாழன்

இன்று ஆசிரியர் தினமாம். தாரணி ஒரு பேனா வாங்கி வந்து, "மெஷினோட டீச்சருக்கு" என்று கையில் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாக எழுதுகிறது.

21-9-2024, சனி

தாள் ஒன்று. அதே இரண்டு வரி. போட்டாகிவிட்டது.

தாரணி சரியாகச் சாப்பிடுவதில்லை. டிசம்பருக்குள் தீசிஸ் சுருக்கம் கொடுக்க வேண்டுமாம். பதினொரு குடும்பத்துக்கு மெஷின் ஒழுங்காகச் சொல்கிறதாம், ஒரு குடும்பத்தில் மட்டும் குழம்புகிறதாம். எந்தக் குடும்பம் என்று கேட்டேன். "ஏதோ ஒண்ணு அமுச்சி" என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

24-10-2024, வியாழன்

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அமுச்சி, இதை உங்ககிட்டக் காட்டக் கூடாது. எனக்கு வேற வழி தெரியலை" என்றாள். பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி போட்டால் பச்சை. பி-7 முழுக்கப் பச்சைதான். போன வாரம் பார்த்துக் கொடுத்த தாளையும் சேர்த்து, நாலு மாசத்துக்கு எட்டு இடத்தில் மட்டும் சிவப்பு. மாசத்துக்கு இரண்டு.

"வெள்ளிங்கிரித் தாத்தா எட்டுக்கும் சரி போட்டிருக்காரு."

"அவனுக்கு அப்ப ஆறு வயசு. மூக்கு ஒழுகிட்டு நின்னவன்."

"மெஷினும் சரிங்குது அமுச்சி. பெரிய அமுச்சி மத்ததெல்லாம் பேசறப்போ ரெண்டு வார்த்தைக்கு நடுவுல நாலு செகண்டு நிக்கறாங்க. சொன்னதையே சொல்றாங்க. இந்தக் கதைக்கு வந்தா மட்டும் ஒரு தடுமாட்டமும் இல்லை. நம்மளாட்டப் பேசறாங்க. நீங்க அதைத் தப்புன்னு சொல்லிக்குடுத்தா, நல்லாப் பேசறதுதான் மறதின்னு மெஷின் கத்துக்குது. அதுல இருந்துதான் எல்லாமே கோணுது."

"என்ற ஞாபகத்தையா சந்தேகப்படறே?"

"இல்ல அமுச்சி. கேக்கறேன்."

"உங்கம்மா பொறந்த அன்னைக்கு எத்தனை மணிக்கு மழை நின்னுதுன்னு சொல்லட்டுமா? பக்கத்து வீட்டுக்காரி என்ன சேலை கட்டியிருந்தான்னு சொல்லட்டுமா? என்னைப் போயி ஒரு பொட்டி கேக்குது, இவளும் கூடச் சேர்ந்துக்கறா!"

அவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். நான் தண்ணீர் காய வைக்கப் போனேன். எதற்குக் காய வைத்தேன் என்று அடுப்படியில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. கோபத்தில் அப்படி ஆகும்.

25-10-2024, வெள்ளி

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

31-10-2024, வியாழன், தீபாவளி

வெள்ளிங்கிரி முறுக்கு கொண்டுவந்தான். தாரணி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நேராகவே கேட்டேன்.

"நான் மொளகா காயப் போட்ட பாய்ல உக்காந்திருந்தேன்க்கா" என்றான். "புதுப் பள்ளிக்கூடத்துக்கு அப்பன் உன்னையக் கூட்டிட்டுப் போயிட்டு வந்த மறுநா. நீ பெரியக்கா கையப் புடிச்சுட்டு அழுதே. வாத்தியாரு வந்தா என்னைய அனுப்பலீன்னு நீயே சொல்லீருன்னே. எதுக்கு அழுதேன்னு எனக்குத் தெரியாது. சொல்லச் சொன்னது தெரியும்."

"இத்தனை வருசம் ஏன்டா வாயத் தொறக்கலை?"

"உன்கிட்ட எவன் வாயத் தொறப்பான்? யாரு கல்யாணத்துல பாயசத்துக்குச் சக்கரை கம்மின்னு நாப்பது வருசம் கழிச்சுச் சொல்றவ நீ. நீ சொன்னா அதுதான் சரியா இருக்கும்னு நாங்களே எங்க ஞாபகத்தை அழிச்சுக்கிட்டோம். பெரியக்காகிட்டக் கேட்டேன் ஒருக்கா. விடுடா, அவ சொல்றபடியே இருக்கட்டும்னுட்டா."

முறுக்கு நமுத்துப் போயிருந்தது. அதை அவனிடம் சொன்னேன்.

9-11-2024, சனி

பல்லடம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அந்தக் கதை இருக்கிற தாள் நாலையும் ஒரு பையில் வைத்து எடுத்துப்போனேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

ராமாத்தாளின் மருமகள் கமலவேணி என்னை வாசலில் பார்த்ததும் பயந்தே போனாள். "வாங்க சின்னத்தை" என்று இரண்டு தடவை சொன்னாள். ராமாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கை மெலிந்து பாதியாகிவிட்டது. மூக்குத்தி இல்லை.

நான் கண்ணாடி போட்டிருந்தேன், கையில் தாள் இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க டீச்சரு, உக்காருங்" என்றாள்.

நான் உன் தங்கச்சி நாச்சி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

"புள்ளையக் கேட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"மெதுவாப் பேசுங். கதவுக்குப் பொறகால நிக்கறா."

நான் கதவைப் பார்த்தேன். கமலவேணியின் நைட்டி ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவளுக்குப் புஸ்தகம் பூரா மனப்பாடமுங். கேட்டுக் கேட்டே ஏத்திக்குவா. ஆனா எழுத்துக் கூட்ட வராது. நம்ம வாத்தியாருக்கே தெரியாது. புதுப் பள்ளிக்கூடத்துல பாக்காத புஸ்தகத்தக் குடுத்துப் படின்னுட்டாங்க. பசங்க பூரா சிரிச்சிருக்குதுங்க. அப்பனுக்குத் தெரிஞ்சா வெளாறுக் குச்சில தோல உரிச்சுருவாரு. அதான் நான் அனுப்பலீன்னு சொல்லீட்டேன்."

"தங்கச்சி உங்க மேல கோவமா இருக்கறாளாமே" என்றேன். என் குரல் டீச்சர் குரல் மாதிரியேதான் இருந்தது.

"இருக்கட்டுங். என்னைத் திட்டறப்போ அவளுக்குத் தெம்பா இருக்குது." துண்டைப் பிரித்தாள். "யாருகிட்டயும் சொல்லீராதீங்க டீச்சரு. அவ தலைல கை வெச்சுச் சத்தியம் பண்ணியிருக்கறேன். யாருக்குத் தெரிஞ்சாலும் போகுதுங், அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம், நான் சொல்லீட்டேன்னு."

சொல்ல மாட்டேன் என்றேன்.

கமலவேணி காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை போடவில்லை. குடித்துவிட்டு நாலு மணி பஸ் பிடித்தேன்.

10-11-2024, ஞாயிறு

தாள் நாலு. எட்டு இடத்திலும் தப்பை அடித்துச் சரி போட்டேன். தாரணி கொடுத்த பேனாவில்.

கண்ணில் புரை, வரி மாறிப் பார்த்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாலு மாசமும் அதே ரெண்டு வரி மட்டும் மாறிச்சா அமுச்சி?"

"புரைன்னா அப்படித்தான்."

"மாத்தினது செல்லுமான்னு கைடு மேடம்கிட்டக் கேக்கறேன்" என்றாள்.

11-11-2024, திங்கள்

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். புரை இல்லையாம்.

23-11-2024, சனி

செல்லாதாம். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் தெரிந்துகொண்டு மாற்றினால் அது சாட்சியே இல்லையாம். அடுத்தவர் தாளைப் பார்த்து எழுதின மாதிரியாம். முதலில் போட்டதும் செல்லாது, பிறகு போட்டதும் செல்லாது. பி-7 மொத்தத்தையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார்களாம். புதுக் குடும்பம் தேடி, முதலிலிருந்து ரெக்கார்டு பண்ணி, இன்னும் ஆறு மாசமாவது ஆகுமாம்.

"உங்ககிட்டக் காட்டினது என் தப்பு அமுச்சி, உங்க தப்பு இல்லை" என்றாள். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டது. மேல் தொட்டி காலியாகும், மோட்டார் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். மோட்டார் போடப் போனேன்.

ராமாத்தாள் அஞ்சு மாசம் பேசினது எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

13-12-2024, வெள்ளி, கார்த்திகை தீபம்

கமலவேணி போன் பண்ணினாள். திங்கள்கிழமையிலிருந்து அத்தை வாயே திறப்பதில்லை, கஞ்சி ஊட்டினால் வாங்கிக்கொள்கிறார்கள், கேட்டால் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் என்றாள். டாக்டர் இனி அப்படித்தான் என்றாராம்.

விளக்கு இருபத்தேழு வைத்தேன். மூன்று காற்றில் அணைந்தது.

15-12-2024, ஞாயிறு

போன வாரச் சனிக்கிழமை, ஏழாம் தேதி, தாரணி பல்லடம் போய் வந்திருக்கிறாள். பி-7 பேச்சு இனித் தேவையில்லை என்று தெரிந்தும், மாசாமாசம் போகிறவள் என்பதால் போய் ரெக்கார்டு பண்ணியிருக்கிறாள். "நான் வருவேன்னு காத்திட்டு இருப்பாங்களோன்னு இருந்துச்சு" என்றாள். அந்தத் தாளை எனக்கு அச்சடித்துத் தா என்றேன். உடனே அடித்துக் கொடுத்தாள்.

தாளைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று எழுதிவிடுகிறேன். எந்த மெஷினுக்கும் போகாது, இங்கே இருக்கட்டும்.

புதுப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அந்தப் புஸ்தகத்தில் வலது பக்கம் ஒரு படம். கடல், பாறை, பாறை மேல் வெள்ளையாக ஒரு கோபுரம். கலங்கரை விளக்கம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். படத்துக்குக் கீழே அஞ்சு வரி. பெரிய வாத்தியார் விரலை வைத்து, படிம்மா என்றார். அவர் நகத்தில் மை இருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எங்கள் அப்பன் எதையும் கவனிக்காமல் துண்டை உதறிக்கொண்டு நின்றார். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த அஞ்சு வரியில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் ராமாத்தாள் கையைப் பிடித்தேன். அவள் கையில் மிளகாய் நெடி அடித்தது. வெள்ளிங்கிரி சொன்னது சரி. ராமாத்தாள் சொன்னது சரி.

இனித் தாள். நாலு வரிதான். வரிக்கும் வரிக்கும் நடுவில் எத்தனை செகண்டு நின்றாள் என்று தாரணி குறித்திருக்கிறாள். முப்பத்தொன்று, நாற்பது என்றெல்லாம் இருக்கிறது.

1. வெளக்கு வெச்சாச்சா.
2. வாத்தியாரு நல்லவரு.
3. என்னையும் வரச் சொன்னாரு.
4. எனக்கும் ஆசைதான்.

ஒன்று கேள்வி, மார்க் இல்லை.

இரண்டு, சரி.

மூன்றுக்கு வெகுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கதவு இடுக்கு. பச்சைச் சீட்டிப் பாவாடை. வாத்தியார் சைக்கிளைத் திருப்பினார், உடனே ஏறவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று அவளிடம் ஏதோ கேட்டார். ராமாத்தாள் சிரித்தாள். சிரித்துவிட்டு, வீட்டுக்குள் கையைக் காட்டினாள். அடுப்படியைக் காட்டினாளா, என்னைக் காட்டினாளா, இரண்டும் ஒரே பக்கம்தான். அவர் கேட்டது இதைத்தான். சரி.

நாலாவது வரி.

பதினாலு வயசு, பள்ளிக்கூடம் அனுப்பாத பிள்ளை. அவள் பாவாடை நிறம் எனக்குத் தெரியும். அவள் மயிலைக்குத் தண்ணீர் காட்டின தொட்டியில் எத்தனை கல் என்று தெரியும். கல்யாணத்தன்று அவள் எத்தனை இட்லி சாப்பிட்டாள் என்று தெரியும். இதை நான் அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

தாரணி கொடுத்த பேனாவை எடுத்தேன். மூன்றாவது கட்டத்தில் போட்டேன், தெரியாது.

தாள் ஒன்று. நேரம் குறிக்கவில்லை.